மூடுபனி குடித்த லோரி

எங்கள் தோட்டத்தில் மரியாதை கொழுந்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் தானாக விளங்கிவிடும்.

கீழ்ப்பள்ளத்தில் கொழுந்து கிள்ளி முடித்த பெண்கள் மூட்டைகளை லோரியில் ஏற்றுவார்கள். ஏற்றிய மூட்டைகளின் மேலேயே அவர்களும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு மைல் தூரம் சமதரையில் லோரி நல்ல பிள்ளைபோல ஓடும். பாலம் வந்ததும் நின்றுவிடும். கங்காணி முன்னால் குதித்து, "எறங்கு, எறங்கு" என்பார். பெண்கள் அத்தனை பேரும் இறங்குவார்கள். பாலத்துக்கு அப்பால் ஐந்து வளைவுள்ள ஏற்றம். அதன் உச்சியில் தேயிலை ஃபெக்டரி, அதை ஒட்டி நாங்கள் குடியிருக்கும் லயங்கள். கொழுந்தையும் ஆட்களையும் சேர்த்துத் தூக்க அந்த லோரிக்குத் தெம்பில்லை. ஆகவே கிள்ளப்பட்டது சவாரி போகும், கிள்ளியவர்கள் மழையில் நடந்து வருவார்கள்.

அந்த லோரியின் டிரைவர் நான். எழுபதுகளின் கடைசி அது. ஏறும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் நடந்து வரும் வரிசையில் முதல் ஆளாக என் மனைவி தெரிவாள். மற்றவர்களைவிட அவளுக்குக் கால் வேகம் அதிகம் என்று நினைக்க வேண்டாம், கோபம் அதிகம். சில நாள் மூன்றாவது வளைவில் அவள் என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள். தாண்டும்போது கதவைத் தட்டி, "ஏங்க, நான் போயி ஒலை வெச்சிர்றேன். நீங்க பொறுமையா வாங்க" என்பாள். பின்னால் வருகிற பெண்கள் சிரிப்பார்கள். நான் மிகுந்த கவனத்தோடு சாலையைப் பார்ப்பேன்.

இந்தச் சிரிப்பெல்லாம் எனக்குப் பழகிப்போன ஒன்று. பழகாத ஒன்று ஒரு மழைநாளில் நடந்தது. எங்கள் கூட்டத்தில் மூத்த அக்கா ஒருவர், முழங்கால் வீக்கக்காரர், நாலாவது வளைவில் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகத்தான் நடக்கமுடியும் என்று அன்றைக்கு லோரிக்குக் காத்திராமல் முன்னாலேயே கிளம்பி நடந்தவர். நான் அவரைப் பார்த்தேன். நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் லோரி மறுபடி கிளம்பாது, பின்னாலேயே உருளும். நிறுத்தவில்லை. அவர் கை காட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் கடந்து போவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என் மனைவி கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

மறுநாள் பாலத்தில் எல்லாரும் இறங்கி நின்றபோது நான் லோரியின் படியில் ஏறி நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். எனக்கு வாய் நீளம், அப்போதும் இப்போதும்.

"இன்னும் ஒரு மாசம். அதுக்கப்புறம் இந்தப் பாலத்துல ஒங்க யாரையும் எறக்க மாட்டேன். எறக்குனா சாவிய தொரகிட்ட குடுத்துட்டு மலைக்கு வேலைக்கு வந்துர்றேன்."

"மலையில நீ என்னா வேல செய்வ தம்பி?" என்று முழங்கால்காரர் கேட்டார். "கொழுந்து கிள்ளுவியா? ஒன் வெரல பாத்தா கிட்டாரு வாசிக்கிறவன் மாரி இருக்கு."

"புல்லு வெட்டுவாரு, விடுங்கக்கா" என்றாள் என் மனைவி. "அதுவும் ஒக்காந்துகிட்டே வெட்டுவாரு."

கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னது தோட்ட மேனேஜரான துரையின் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

சவால் விட்டாயிற்று. லோரிக்குத் தெம்பு ஏற்றுவது எப்படி என்பது மட்டும்தான் பாக்கி. தோட்டத்துப் பட்டறை ஃபிட்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர்.

"இது கீழ ஓட வேண்டிய இஞ்சினுடா. அஞ்சாயிரம் அடி ஒசரத்துல காத்து மெலிசு. எரியறதுக்குக் காத்து இல்லாம டீசல மட்டும் ஊத்துனா பொகதான் வரும்" என்றார்.

டீசல் பம்பின் திருகை அரைச் சுற்று திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். திறந்துவிட்டார். லோரி முன்பைப்போலவே ஏறியது, கூடவே ஃபெக்டரியையே மறைக்கிற அளவுக்குக் கறுப்புப் புகை விட்டது. மனைவி வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். மை மாதிரி இருந்தது.

எங்கள் மலையில் லோரி ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரு விஷயம் தெரியும். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி ஏற்றுகிறவர்களும் காப்பிக் கடையில் இதையே சொல்வார்கள். மூடுபனி இறங்கிய நாட்களில் வண்டி நன்றாக இழுக்கும், புகையும் குறையும். எல்லாரும் சொன்னார்கள், ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை, யோசிப்பது என் வழக்கமில்லை. ஆனால் வாக்குக் கொடுத்து ஒரு வாரம் ஓடிவிட்டது. பயத்தில் எனக்குக்கூடப் புத்தி வேலை செய்யும். பனி ஈரமாக இருக்கிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. குளிர்ந்த காற்று நெருங்கி நிற்கும், ஒரே வாயில் அதிகம் உள்ளே போகும். பனி தினமும் வராது. வராவிட்டால் நாம் செய்துகொள்ள வேண்டியதுதானே?

செய்தேன். பட்டறை வாசலில் இஞ்சினை ஓடவிட்டு, காற்று உள்ளே இழுக்கிற குழாயின் வாயில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். இஞ்சின் விழுங்கியது, திணறியது, விழுங்கியதில் பாதியை என் முகத்தில் துப்பிவிட்டு நின்றுபோனது.

ஃபிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "டீசல்ல ஒரு சொட்டு தண்ணி போனா நான் ரெண்டு நாளு கழட்டிப் போட்டு அழுவுறேன். நீ கொவளையில ஊத்துறியே."

"டீசல்ல எங்கண்ணே ஊத்துனேன்? காத்துல ஊத்துனேன்."

"காத்துல ஊத்துறதா இருந்தா வெளிய நின்னு ஊத்து. இஞ்சின விட்டுரு."

சிரித்தாலும் ஒன்றைச் சரியாகச் சொன்னார்: தண்ணீர் தண்ணீராக உள்ளே போகக்கூடாது. பிஸ்டனின் தலையில் தண்ணீர் நின்றால் ஆபத்து. பனி மாதிரி, தூள் தூளாகப் போக வேண்டும்.

அந்தத் தூள் மலையில் எங்கள் கண்ணெதிரே தினமும் பறந்துகொண்டிருந்தது. களைக்கொல்லி அடிக்கும் ஆட்கள் முதுகில் ஒரு டாங்கியை மாட்டி, இடது கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே வலது கையால் தெளிப்பார்கள். குழாய் முனையிலிருந்து வருவது தண்ணீரா புகையா என்று சொல்லமுடியாது. ஒரு பம்பை ஸ்டோரிலிருந்து இரவல் வாங்கினேன். இரவல் என்று நான் சொல்வேன், ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி பின்னால் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார். நன்றாகக் கழுவி, இருப்பதிலேயே சிறிய முனையை மாட்டி, காற்றுக் குழாயில் ஓட்டை போட்டுச் சொருகினேன். டாங்கி டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. முனைக்குத் தண்ணீர் போகும் வழியில் ஒரு சின்ன டேப், என் கைக்கு எட்டும் இடத்தில்.

ஒரே ஒரு சிக்கல். ஏற்றத்தில் எனக்கு இரண்டு கையும் இரண்டு காலும் போதாது. நெம்புகோலை யார் அடிப்பது?

"பக்கத்துல ஒக்காந்து அடிச்சுக்கிட்டே வரணும்" என்றேன் மனைவியிடம்.

"ஒங்களயா?"

"பம்ப."

"ரெண்டையும் செய்யலாம்" என்றாள். அவளுடைய சம்மதம் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

நான் சொன்ன மாதம் முடிய நாலு நாள் இருந்தது. அன்று பாலத்தில் கங்காணி வழக்கம்போல, "எறங்கு" என்றார்.

"யாரும் எறங்காதீங்க" என்றேன்.

"தொரைக்குத் தெரிஞ்சா?"

"மேல போயிச் சேந்தா தெரிஞ்சுக்கட்டும். சேரலன்னா அவரே வந்து தெரிஞ்சுக்குவாரு."

கங்காணி என்னைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், பிறகு பாதுகாப்பாகத் தான் மட்டும் இறங்கிக்கொண்டார். முதல் வளைவில் இஞ்சின் இழுக்கமுடியாமல் இருமத் தொடங்கியதும், "அடி" என்றேன். மனைவி அடித்தாள். டேப்பைத் திறந்தேன். இருமல் நின்று, சத்தம் தடித்துக் கனத்தது. இரண்டாவது வளைவில், எப்போதும் ஒன்றாவது கியருக்கு இறங்குகிற இடத்தில், இறங்காமலே போனேன். கண்ணாடியில் கறுப்புப் புகையைத் தேடினேன், சாம்பல் நிறத்தில் கொஞ்சம் இருந்தது. நாலாவது வளைவின் கல் காலியாகக் கிடந்தது. அதைக் கடக்கும்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. உச்சியில் நிறுத்திய பிறகுதான் பெண்கள் பேசவே ஆரம்பித்தார்கள். மூச்சுவிட்டால் பாரம் கூடிவிடும் என்று பயந்து அடக்கிக்கொண்டிருந்தார்களாம்.

எவ்வளவு தெம்பு தண்ணீரால் வந்தது என்று இன்றைக்குப் படித்தவர்கள் கேட்கிறார்கள். பாதி தண்ணீர், பாதி ஃபிட்டர் திறந்துவிட்ட திருகு, பாதி என் மனைவி என்று சொல்லிவிடுவேன். மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்பவர்கள் அந்த ஏற்றத்தில் லோரி ஓட்டியவர்கள் இல்லை.

இரண்டு வாரம் பாலத்தில் யாரும் இறங்கவில்லை. துரை அறிந்தும் அறியாதவர்போல இருந்தார், கொழுந்து சீக்கிரம் வந்ததால். நான் ஒரு சுற்றுப் பருத்தேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தோட்டத்து டிரைவர்கள் யாரும் ஸ்டார்ட்டரை நம்புவதில்லை. பேட்டரி எல்லாம் கிழடு. சாயங்காலம் வண்டியைச் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவோம். காலையில் கல்லை எடுத்து, உருளவிட்டு, கிளட்ச்சை விட்டால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் ஃபெக்டரி ஆட்கள் சூழ்ந்துகொண்டு, எப்படி ஏறுகிறது என்று கேட்டார்கள். சொன்னேன், கையை ஆட்டி, இஞ்சின் சத்தத்தை வாயாலேயே செய்துகாட்டிச் சொன்னேன். டேப்பை மூடவில்லை. இருக்கையில் உயரமாக இருந்த டாங்கியில் மனைவி அடித்து வைத்த அழுத்தம் மிச்சமிருந்தது. தண்ணீர் இரவெல்லாம் மெல்ல மெல்லக் குழாய்க்குள் இறங்கி, முன்பக்கத்து சிலிண்டரில் போய்த் தேங்கியது.

காலையில் கல்லை எடுத்தேன். லோரி உருண்டது. கிளட்ச்சை விட்டேன். உள்ளே யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்ததுபோல ஒரே ஒரு சத்தம். சக்கரம் தேய்ந்துகொண்டே போய் நின்றது.

"காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது" என்றார் ஃபிட்டர், இஞ்சினைத் திறந்து வளைந்த கம்பியை வெளியே எடுத்தபடி. பிஸ்டனைத் தாங்குகிற கம்பி அது. "ஸ்டார்ட்டர்ல அடிச்சிருந்தா திரும்பாம சும்மா நின்னுருக்கும். நீ முழு லோரியயும் உருட்டி அதும் தலையில போட்டிருக்க." பிறகு மற்ற பிஸ்டன்களை விரலால் தடவிப் பார்த்தார். விரலைத் திருப்பி என்னிடம் காட்டினார். "ஒரு பொட்டு கரி இல்லடா. இத்தன வருசத்துல இவ்ளோ சுத்தமா நான் பாத்ததில்ல. கழுவி வெச்சிருக்க." வளைந்த கம்பியைத் தூக்கிக் காட்டி, "கழுவிட்டு ஒடச்சிருக்க" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் துரை வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் காலம் முடிந்திருந்தது, பட்டம் மட்டும் அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது. இவர் எல்லாரிடமும் மலாய் மொழியில்தான் பேசுவார். லோரி சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். களைக்கொல்லி பம்பு மேல் உனக்கு அவ்வளவு ஆசையென்றால் முதுகில் மாட்டிக்கொள் என்றார். அதே பம்பை ஸ்டோர் கிராணி எடுத்துக்கொடுத்தார், கொடுக்கும்போது சிரித்தார். மறுநாளிலிருந்து நான் மலையில் களைக்கொல்லி அடித்தேன். அந்த வேலையை உட்கார்ந்துகொண்டு செய்யமுடியாது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

பத்து நாளில் லோரிக்குப் புதுக் கம்பி வந்தது. கோலா தெர்லாவிலிருந்து புது டிரைவர் வந்தார். நல்ல மனிதர், என்னைவிட நன்றாக ஓட்டுவார். அவர் வந்த முதல் நாள், நான் இரண்டாவது வளைவுக்கு மேலே சரிவில் மருந்தடித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும். நடந்ததைப் பார்த்தேன். மேலே இருந்தவனுக்குக் கேட்காத பேச்சை மனைவி அன்றைக்கு இரவே எனக்கு வரி விடாமல் சொன்னாள்.

லோரி வந்தது, நின்றது. கங்காணி குதித்தார். "எறங்கு" என்றார். யாரும் இறங்கவில்லை.

"என்னா, காது கேக்கலியா?"

"கேக்குது கங்காணி" என்றார் முழங்கால்காரர், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த மூட்டையிலிருந்து. "ரெண்டு வாரம் ஒக்காந்து போனோம்ல? ஒக்காந்து பழகிருச்சு."

புது டிரைவர் அவர்களோடேயே ஏறிப் பார்த்தார். முதல் வளைவு வரைக்கும் போன லோரி திணறி, மெதுவாகப் பின்னால் உருண்டு மறுபடி பாலத்துக்கே வந்தது. கங்காணி கெஞ்சினார். மூட்டைக்குள் அமுங்கிக் கிடக்கும் கொழுந்து சூடாகும், சூடானால் சிவக்கும், சிவந்தது ஃபெக்டரிக்கு உதவாது. அது கங்காணிக்குத் தெரியும், பெண்களுக்கும் தெரியும். முக்கால் மணி நேரத்தில் துரையின் ஜீப்பு வந்தது.

"துருன். செமுவா துருன்" என்றார். எல்லாரும் இறங்குங்கள்.

என் மனைவி எழுந்து நின்றாள். "தா மாவ் துருன், துவான்" என்றாள். இறங்க மாட்டோம் ஐயா. மரியாதையாகத்தான் சொன்னாள்.

முழங்கால்காரருக்கு மலாய் வராது. அவர் தமிழிலேயே சொன்னார்: "எடம் பத்தலன்னா மூட்டய எறக்கச் சொல்லுங்க. ஒரு நாளு கொழுந்து நடந்து வரட்டும்."

கங்காணி இதை மொழிபெயர்க்கவில்லை. துரைக்குப் புரிந்துவிட்டது. மூட்டை ஒன்றின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டவர், சட்டென்று வெளியே எடுத்தார். கொழுந்து அவ்வளவு சுட்டிருக்கிறது. என் மனைவி நான் நின்றிருந்த சரிவைக் கையால் காட்டினாள். "லோரிய ஏத்துற ஆளு அதோ நிக்கிறாரு."

கங்காணி கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கம்பீரமாக நடந்து இறங்கி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஈரச் சரிவில் கால் வழுக்கி, பாதித் தூரம் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தேன். பம்பு முதுகிலேயே இருந்தது.

"பம்பை மறுபடி லோரியில் மாட்டு" என்றார் துரை மலாயில்.

"மாட்டுறேன் துவான். இனிமே இந்தப் பாலத்துல யாரையும் எறக்கக் கூடாது."

"முதலில் ஏற்று."

"மொதல்ல சொல்லுங்க."

என் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. துரை மூட்டைகளைப் பார்த்தார். மூட்டைகளின் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"போலேலா" என்றார். சரி, ஆகட்டும்.

பம்பில் களைக்கொல்லி இருந்தது. ஓடையில் கொட்டாமல், மேட்டு வரப்பில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, வாளியில் தண்ணீர் மொண்டு கழுவினேன். இரண்டு தடவை கழுவினால் போதும். மூன்றாவது தடவை துரைக்காகக் கழுவினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காற்றுக் குழாயில் நான் போட்ட ஓட்டையை ஃபிட்டர் பற்றவைத்து அடைத்திருப்பார் என்று நினைத்தேன். அடைக்கவில்லை, ஒரு ரப்பர் தக்கையை மட்டும் வைத்து மூடியிருந்தார். ஏன் என்று நான் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை. இந்தத் தடவை டாங்கியை இருக்கையில் வைக்காமல் காலடியில், குழாயைவிடத் தாழ்வாக வைத்தேன். டேப்பு மனைவியின் பக்கம் போனது. அவளே மாற்றினாள், என்னிடம் கேட்கவில்லை.

புது டிரைவர் இருக்கையை விட்டு இறங்கி, பின்னால் பெண்களோடு மூட்டை மேல் ஏறிக்கொண்டார்.

எண்பதுகளின் நடுவில் அந்த லோரியை விற்கும்வரை, அதற்குப் பிறகு எங்கள் பாலத்தில் யாரும் 'எறங்கு' என்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் அப்போது எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு முன்னால் ஐந்து வளைவுகள் இருந்தன, பின்னால் துரையின் ஜீப்பு இருந்தது.

முதல் வளைவைத் தாண்டினோம், இரண்டாவதையும் தாண்டினோம். மனைவி ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டு வந்தாள். மேலே இந்தத் தடவை யாரும் மூச்சை அடக்கவில்லை, பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாரும் பின்னால் வந்த ஜீப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் துரைக்கு வேறு எங்கும் பார்க்க வழியில்லை. மூன்றாவது வளைவுக்கு மேலே சாலை கொஞ்சம் அகலமாகும். அங்கே துரை ஹார்ன் அடித்தார்.

"வழி கேக்குறாரு" என்றாள் மனைவி.

"கேக்குது" என்றேன்.

ஒதுங்கி வழிவிட இடம் தாராளமாக இருந்தது. அவர் மறுபடி அடித்தார். நான் சாலையின் நடுவிலேயே, அதே வேகத்தில், ஃபெக்டரி வாசல்வரை போனேன்.